புள்ளி வைத்த தெரு

கேட் போட்டுவிட்டான். வேறு நாளாக இருந்தால் கேட்கீப்பரை மனசுக்குள் நாலு வார்த்தை வைதிருப்பேன், நான் வரும்போது மட்டும் இவனுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்கிறதோ என்று. இன்றைக்கு எனக்குள் இருக்கும் ஒருத்தி அப்பாடா என்றாள். பத்து நிமிஷம் கிடைத்தது அவளுக்கு. சரக்கு வண்டியாக இருந்தால் கால் மணி நேரம்கூட ஆகும். ஞாயிற்றுக்கிழமை, மணி பன்னிரண்டே கால், ஹெல்மெட்டுக்குள் தலை வேகிறது. வண்டியை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நிற்கிறேன். முன்னால் ஒரு தண்ணி லாரி. அதன் முதுகில் ‘மு.பா. வாட்டர் சப்ளை’ என்று எழுதியிருக்கிறது. மு.பா. என்றால் என்ன, முத்துப்பாண்டியா, முப்பிடாதியா? பார், உடனே விரிக்கப் போகிறது புத்தி. பட்டும் திருந்தாத புத்தி. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரூபி வந்து நிற்பாள். “கேட்டுக்கு அங்கிட்டு வந்து நிக்கேன்க்கா, நீங்க எங்க தெருவக் கண்டுபிடிக்க மாட்டீங்க” என்றாள் நேற்றுப் போனில். கண்டுபிடிக்க மாட்டேனாம். இன்டர்நெட் வரைபடத்தில் அந்தத் தெருவுக்குக் கோடு போட்டதே நான்தான். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து முப்பத்தியிரண்டு கூரைகளுக்கும் கட்டம் போட்டேன், குழாயடியைக்கூட விடவில்லை. அதில் ஒரு கட்டம் ரூபியின் வீடு என்று தெரியாது. தெருவில் கால் வைத்ததில்லை. இந்த கேட்டைத் தாண்டியதே நாற்பது வருஷத்தில் ஏழெட்டுத் தடவை இருக்கும், அதுவும் பைபாஸுக்குப் போக. ‘சாப்பிட்டுட்டு வாரேன்’ என்று ஏன் சொன்னேன்? இல்லை, அது அப்புறம். முதலில் மற்றதை யோசி.

மற்றது என்ன, இவ்வளவுதான். அந்தத் தெருவின் பெயரை மாற்றியது நான். மாற்றியது யார் என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி ரூபி என்னையே கேட்டிருக்கிறாள். இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். கேட் திறந்ததும் முகத்துக்கு நேராகச் சொல்லலாம், அல்லது தெரு போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரித் திரும்பலாம். திரும்பினால் யாருக்குத் தெரியப் போகிறது? வரைபடத்தில் என் பெயர் மங்கையர்க்கரசி இல்லை, ‘நேர்கோடு’. யாரும் கணக்குத் தொடங்கலாம், யாரும் திருத்தலாம், சம்பளம் கிடையாது, உலகம் முழுக்க என்னை மாதிரி ஆட்கள் ராப்பகலாகத் தெருவுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்கு வருஷமாக இந்த ஊரை நான்தான் வரைந்தேன். ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை, நாள் முழுக்க ‘எல்.எம்.பி.’, ‘யு.எஸ்.ஜி.’ என்று டாக்டர்களின் கிறுக்கலை டைப் அடிக்கிற வேலை, அதனாலோ என்னவோ புள்ளியைக் கண்டால் எனக்கு ஆகாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பிழையைப் பார்ப்பேன். இந்த வரைபடத்துக்கு ஒரு விதி உண்டு, என்னைக் கேட்டு எழுதினது மாதிரியே இருக்கும். தெருப் பெயரைச் சுருக்கக் கூடாது, முழுதாக எழுத வேண்டும். முழுப் பெயரை வேண்டும்போது மெஷின் சுருக்கிக்கொள்ளும், சுருக்கினதை விரிக்க மெஷினுக்குத் தெரியாது. படித்ததும் புல்லரித்துவிட்டது. கி.ர.வீதியை கிழக்கு ரத வீதி ஆக்கினேன். 3வது கு.தெ. என்று கிடந்ததை மூன்றாவது குறுக்குத் தெரு ஆக்கினேன். எஸ்.பி.ரோடு, ப.கோ.தெரு, மா.கோ.சந்து, ஒன்றை விடவில்லை. ஒரே மாதத்தில் நூற்று எழுபது தெரு. புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டிக் குறிப்பு ஒன்றும் எழுதி வைத்தேன். அதன் முதல் வரி எனக்கு மனப்பாடம். ‘சுருக்கப் பெயர் என்பது பாதிப் பெயர். பாதிப் பெயரை ஏற்காதீர்கள்.’ எவ்வளவு திமிர் பார்.

லாரிக்கு இடப்பக்கம் ஒரு குடும்பம் பைக்கில் வந்து நிற்கிறது, நடுவில் குழந்தை, அம்மாவின் கையில் பிரியாணிப் பொட்டலம். வாசனை வருகிறது. வயிறு இழுக்கிறது. காலையில் ஒரு காப்பி குடித்ததோடு சரி. சாப்பிட்டுட்டு வாரேன் என்றவள் சாப்பிடவும் இல்லை. அது அப்புறம். எஸ்.எல். தெரு மட்டும்தான் கடைசி வரைக்கும் பாக்கியாக நின்றது, பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி. எஸ்.எல். என்றால் என்ன? யாரைக் கேட்டாலும் எஸ்.எல். தெரு என்றால் எஸ்.எல். தெருதான் என்றார்கள். போய்ப் பார்த்திருக்கலாம். ஸ்கூட்டரில் பன்னிரண்டு நிமிஷம். தரையில் என்ன இருக்கிறதோ அதைப் போய்ப் பார்த்து எழுது என்றும் ஒரு விதி இருக்கிறது, அதுதான் முதல் விதி, என் வழிகாட்டிக் குறிப்பில் அதை எட்டாவதாகப் போட்டிருக்கிறேன். போகவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு பெரியவர் பழைய தெருப் பதிவேட்டை ஸ்கேன் பண்ணிப் போட்டார், ஐம்பதுகளில் கையால் எழுதினது. அதில் இருந்தது, சாய்வெழுத்தில், அழகாக. ஆங்கிலத்தில் ஒரு முறை, அதன் முதல் எழுத்துகள்தான் எஸ்.எல்., தமிழில் ஒரு முறை. ஊரின் கழிவை அள்ளுகிறவர்களுக்காகக் கட்டின வரிசை வீடுகள் என்பதை இரண்டே சொல்லில் சொல்கிற பெயர். அந்தச் சொல்லை நான் இப்போது மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்க்க மாட்டேன். அது வேலையின் பெயர், அதையே ஜாதியின் பெயராக வைத்து, அதையே வசவாகவும் வைத்துக்கொண்ட ஊர் இது. எனக்குத் தெரியாதா? தெரியும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் அந்தச் சொல்லால் திட்டிக்கொள்வதைக் கேட்டுத்தானே வளர்ந்தேன். ஆனாலும் அன்றைக்குப் பதிவேட்டில் அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். ஆதாரம், பதிவேடு, பக்கம் பதினொன்று என்று போட்டு, இரண்டு மொழியிலும் முழுதாக எழுதி, சேமி என்பதை அழுத்திவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு தோசை வார்த்தேன். நூற்று எழுபத்தொன்று. விரல் ஒரு நொடி நின்றதா? நின்ற மாதிரி இப்போது நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். நிற்கவில்லை.

மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது கேட்டில். இன்னும் ரயிலைக் காணோம். ரூபி ஸ்கேன் சென்டரில் ஐந்து வருஷம் எனக்கு எதிர் நாற்காலி. பில் போடுகிற வேலை. வீடு எங்கே என்றால் “ஸ்டேஷன் பக்கம்க்கா” என்பாள். அம்மா என்ன செய்கிறார்கள் என்றால் “முனிசிபாலிட்டில இருந்தாங்க, ரிட்டையர்டு” என்பாள். நான் பாட்டுக்கு அந்த அம்மாவை ஒரு மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்டு உட்கார வைத்துவிட்டேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரியாதை என்று நினைத்தேன். மத்தியானம் என் டப்பாவுக்கு முன்னால் அவள் டப்பாவைத்தான் திறப்பேன். கருவாட்டுத் தொக்கை விரலால் வழித்துத் தின்றிருக்கிறேன், அவள் சிரிப்பாள், “அக்கா, டப்பாவ விட்டுருங்க, கழுவணும்.” அந்தக் கைப்பக்குவத்தை வைத்துக்கொண்டு பில் போட்டுக்கொண்டிருப்பது பாவம் என்று நான்தான் அரித்தேன், சமையலை ஆரம்பி, வீட்டிலிருந்தே செய், சாப்பாட்டு ஆப்பில் போடு என்று. போன வருஷம் வேலையை விட்டாள். ‘ரூபி சமையல்’. நெய்ச்சோறு, மட்டன் சுக்கா, வெள்ளிக்கிழமையில் சொதியும் இஞ்சிப் பச்சடியும். சொதிக்கு ஊரே அடிமை. எங்கள் டாக்டர் அம்மா வீட்டிலிருந்து, பெரிய தெரு ஜவுளிக்கடை வீட்டிலிருந்து, யார் யாரோ. சமையல் எங்கே நடக்கிறது என்று யாருக்கு அக்கறை, ஆப்பில் எஸ்.எல். தெரு என்று இருந்தது, ஆரம்பிக்கச் சொன்ன நானே அதைத் திறந்து பார்த்ததில்லை, சாப்பாடு சூடாக வந்தது. அந்த ஆப் இந்த இலவச வரைபடத்திலிருந்துதான் தெருப் பெயரை எடுக்கிறது. நான் தோசை வார்த்த அன்றைக்கே எடுத்துக்கொண்டிருக்கும். மறுநாளிலிருந்து ஆர்டர் ஒவ்வொன்றாக நின்றது. முதல் வாரம் பரீட்சை நேரம் என்று நினைத்தாளாம். அடுத்த வாரம் ஒரு அம்மா போன் பண்ணி, “நீங்க அந்தத் தெருவாம்மா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாளாம். அப்புறம்தான் ரூபி தன் கடையைத் தானே ஆப்பில் திறந்து பார்த்திருக்கிறாள். ரூபி சமையல், அதற்குக் கீழே முழுப் பெயர். போன செவ்வாய்க்கிழமை எனக்கு போன். “அக்கா, ஒங்களுக்குத்தான் இந்த மேப்பு சோலியெல்லாம் தெரியுமே. எங்கம்மா ஆறு மாசம் நடையா நடந்து மனுக் குடுத்து, கவுன்சிலர் வீட்டு வாசல்ல உக்காந்து, அந்தப் போர்ட அழிச்சு ரெண்டு எழுத்தா மாத்துச்சு. முப்பது வருசம் ஆச்சு. எந்தப் பாவியோ திருப்பி எழுதிட்டான்.” நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். “யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கக்கா. சண்டைக்குப் போக மாட்டேன். ஒரே ஒரு வார்த்த கேக்கணும் அவன்ட்ட.” அவன் என்றாள். ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள் பாவம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே பழையபடி எஸ்.எல். தெரு என்று மாற்றினேன். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் என்னவென்று எழுதுவது? இந்தப் பெயர் அங்கே இருப்பவர்களுக்கு அவமானம் என்று எழுதினால் அது காலத்துக்கும் அங்கேயே கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், இந்தத் தெரு என்ன தெரு என்று தெரியாதவனுக்கும் நானே தண்டோரா போட்ட மாதிரி ஆகும். புதன்கிழமை காலையில் திறந்தால் முழுப் பெயர் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. திருப்பிப் போட்டவன் ‘தெருப்புழுதி’ என்று ஒருத்தன், எந்த ஊரோ, நல்ல பையன், எனக்குத் தெரியாததா, நான் பழக்கிவிட்ட ஆள்தானே. காரணம் எழுதியிருக்கிறான். ‘சுருக்கப் பெயர் என்பது பாதிப் பெயர். பதிவேட்டு ஆதாரம் உள்ளது. நேர்கோடு அக்காவின் வழிகாட்டிக் குறிப்பு காண்க. அக்கா, கை தவறி மாற்றிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், சரி செய்துவிட்டேன்.’ பக்கத்தில் ஒரு கும்பிடு வேறு. அவனுக்குத் தனியாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். தம்பி, அது பாதிப் பெயர் இல்லை, அதுதான் பெயர் என்று தொடங்கி, அதற்கு மேல் ஓடவில்லை. இவனுக்குச் சொன்னால் நாளைக்கு இன்னொருவன் வருவான், என் குறிப்பைப் படித்தவன் எத்தனை பேரோ. இதற்கு ஒரே வழி போர்டை போட்டோ பிடித்துப் போடுவது. தரையில் உள்ளபடி, இரண்டு எழுத்து. படம் இருந்தால் பதிவேடு செல்லாது, விளக்கம் வேண்டாம், யாரும் யாரையும் ஒன்றும் கேட்க முடியாது. அதற்குத்தான் போகிறேன். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தெருவை நேரில் பார்க்கப் போகிறேன். என் பெயரே பாதிப் பெயர்தான், பா. மங்கையர்க்கரசி. தாத்தா எழுதின பத்திரத்தில் அப்பா பாலகிருஷ்ணனின் பெயருக்குப் பின்னால் ஒரு ஜாதிப் பட்டம் நீளமாகத் தொங்கும். அப்பா அதை வெட்டினார், எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வோம், முற்போக்கு என்று. வெட்டினாலும் எங்களுக்கு ஒன்றும் குறையவில்லை, பெரிய தெருவில் யாரும் எங்களைப் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போனை வைத்ததில்லை. பா.வுக்குப் பின்னால் இருக்கும் புள்ளியை விரிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியது இல்லையே. அந்தப் புள்ளி மட்டும் கண்ணில் படவே இல்லை.

வந்துவிட்டது. சரக்கு வண்டிதான், நிலக்கரி ஏற்றினது, முடிவே தெரியவில்லை. தரை நடுங்குவது செருப்பு வழியாக முழங்கால் வரைக்கும் வருகிறது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் அந்தப் பக்கம் துண்டு துண்டாகத் தெரிகிறது. ஒரு பழக்கடைத் தள்ளுவண்டி, ஒரு சிவப்புக் குடை, மறுபடி இரும்பு, மறுபடி குடை. குடையின் கீழ் ரூபிதான். மஞ்சள் சுடிதார், ஸ்கேன் சென்டர் ஆண்டு விழாவுக்குப் போட்டது. என்னைப் பார்த்துவிட்டாளா தெரியவில்லை. சரி, இப்போது யோசி, இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. நேற்று அவள், “மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு, சொல்லிட்டேன்” என்றாள். நான், “இல்ல இல்ல, நான் சாப்பிட்டுட்டே வாரேன்” என்றேன். இரண்டு தடவை ‘இல்ல’. யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. ஐந்து வருஷம் டப்பாவை வழித்துத் தின்ற வாய். குற்ற உணர்ச்சி, அவளுக்குக் கெடுதல் பண்ணிவிட்டு அவள் வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்ற கூச்சம், அதுதான் என்று நேற்று ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி நிஜம்தான். மீதிப் பாதியை இந்த வண்டிச் சத்தத்தில் சொல்லிவிடலாம், யாருக்கும் கேட்காது. செவ்வாய்க்கிழமை போனில் அவள் “எங்க தெரு” என்று சொன்ன அந்த நொடியில் எனக்கு ஒரு அருவருப்பு வந்தது. பழைய மத்தியானங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, தொக்கு, சொதி, அவள் கை. ஒரு நொடிதான், போய்விட்டது, ஆனால் வந்தது. போனை வைத்த அந்த அம்மாவுக்கு வந்ததும் அதேதான். அவள் வைத்துவிட்டாள், நான் ம் ம் என்றேன். எனக்கு என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அந்தத் தெருவுக்கு மட்டும் நேரில் போகாதது சோம்பேறித்தனமா, இதுவா? கி.ர. வீதிக்கும் போகவில்லைதான். ஆனால் கி.ர. வீதிக்கு நான் போகாமலே தெரியும். “சரிக்கா” என்றாள் ரூபி நேற்று, கொஞ்ச நேரம் கழித்து. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு என்ன கேட்டதோ. அப்படிப்பட்ட ‘இல்ல இல்ல’வை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருப்பாள், வித்தியாசம் தெரியாமலா இருக்கும்?

கடைசிப் பெட்டி போய்விட்டது. கேட் தூக்குகிறான், பின்னால் அதற்குள் ஹாரன். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே தண்டவாளத்தைத் தாண்டுகிறேன், ஏறி உட்கார்ந்தால் வளைத்துக்கொண்டு திரும்பிவிடுவேனோ என்று என் மேலேயே சந்தேகம். ரூபி குடையைச் சாய்த்துப் பிடித்து எனக்கும் நிழல் கொடுத்தாள். “வெயில்ல இப்படி நிக்க வச்சுட்டான் பாருங்க. யாருன்னு தெரிஞ்சுதாக்கா?” தெரிந்தது என்றேன். “யாரு?” என்றாள். நான்தான் ரூபி என்றேன். லாரிக்காரன் எங்களைத் தாண்டும்போது என்னவோ திட்டிவிட்டுப் போனான். ரூபி என்னையே பார்த்தாள். அது உன் தெரு என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தேன். “எங்க தெரு இல்லேன்னா எழுதலாமாக்கா?” என்றாள். அவனிடம் கேட்க வேண்டும் என்று சொன்ன ஒரே வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்.  குடை இன்னும் என் தலைக்கு மேல்தான் இருந்தது, அவள் தோளில் வெயில். “நேத்து சாப்பிட்டுட்டு வாரேன்னீங்கல்லா, அப்பமே என்னமோ இருக்குன்னு நெனச்சேன். இதுன்னு நெனைக்கல” என்றாள். நான் சாப்பிடவில்லை, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசிக்கிறது ரூபி என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் முன்னால் நடந்தாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒரு வேப்பமரம், சந்து, குழாயடி. குழாயடி நான் கட்டம் போட்ட அதே இடத்தில்தான் இருந்தது. சுவரோடு சுவராக நீலத்தில் அடித்த தகர போர்டு, வெள்ளையில் இரண்டே எழுத்து, இரண்டு புள்ளி, தெரு. நீலத்துக்கு அடியில் பழைய பெயரை அழித்த இடம் மட்டும் கொஞ்சம் தடித்துத் தெரிந்தது. போனை எடுத்தேன். ரூபி குடையை மடக்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள். “இன்னைக்கு ஆக்கலக்கா” என்றாள், ரொம்பச் சாதாரணமாக, டப்பாவைக் கழுவ வேண்டும் என்று சொல்வாளே அதே மாதிரி. “நீங்க சாப்பிட மாட்டீங்கன்னுதான் ஆக்கல. வேற ஆர்டரும் இல்ல. போட்டோ எடுத்துட்டுப் போங்க. என் மூஞ்சி விழாம எடுங்க.”